பொல்லம்

இங்கிலீஷ் பாஷைக்குள் போய்ச் சேர்ந்த தமிழ் வார்த்தைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மவர்களுக்கு ஒரு பூரிப்பு உண்டாகிறது. கட்டுமரம் போயிருக்கிறது, கறி போயிருக்கிறது, சுருட்டு போயிருக்கிறது, மிளகுதண்ணீர்கூடப் போயிருக்கிறது என்று விரல் விட்டு எண்ணுகிறோம். போய்ச் சேர்ந்து, கொஞ்ச காலம் அங்கே குடியிருந்து, பிறகு அங்கேயே செத்துப்போன வார்த்தைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. குடும்பத்தில் பட்டணம் போய்ப் பிழைத்தவனைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு, போன இடத்தில் காணாமல் போனவனைப் பற்றிப் பேசுவதில்லை அல்லவா? அந்த மாதிரிதான்.

பிழைத்த வார்த்தைகளைப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். அவை பெரும்பாலும் தின்ன, குடிக்க, புகைக்க, ஏறிப் போக உதவுகிற சாமான்களின் பெயர்கள். கப்பலில் ஏற்றிக்கொண்டு போகக்கூடிய சாமான், பெயரையும் கூடவே கொண்டுபோயிற்று. செத்துப்போனவை வேறு ஜாதி. கணக்கப்பிள்ளை என்பதை ‘கானிகோபொலி’ என்று எழுதினார்கள். அந்தப் பிள்ளையும் போனார், வார்த்தையும் போயிற்று. ஒரு மனிதனின் உத்தியோகம், ஓர் ஊரின் ஏற்பாடு, இவருக்கு இவர் என்ன கடமைப்பட்டவர் என்கிற கணக்கு — இவற்றைக் குறித்த சொற்களெல்லாம் அந்த ஏற்பாடுகள் அழிந்ததும் அழிந்துவிட்டன. அப்படி அழிந்த ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ‘பொல்லம்’ என்பது அதன் பெயர். இன்று லண்டனில் யாரிடமாவது சொல்லிப் பார்த்தால் விழிப்பார். காஞ்சிபுரத்தில் சொன்னாலும் விழிப்பார்கள். பொல்லாத ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

பொல்லம் என்பது வேறொன்றுமில்லை. நம் பாளையம்தான்.

இந்த வார்த்தையை நான் சந்தித்தது ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ என்ற அகராதியில். அகராதியைக் கதைப் புத்தகம் மாதிரி படிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்புவது கஷ்டம். இதைப் படித்தவர்கள் நம்புவார்கள். கர்னல் ஹென்றி யூல், ஏ. சி. பர்னெல் என்ற இருவர் சேர்ந்து தொகுத்தது. 1886இல் வெளிவந்தது. 1903இல் வில்லியம் க்ரூக் அதைப் பெருக்கி மறுபதிப்பாக்கினார். இந்தியாவில் இருந்த இங்கிலீஷ்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட கலவை பாஷைக்கு அது அகராதி. பெயரே ஒரு வேடிக்கை. மொஹரம் ஊர்வலத்தில் மார்பில் அடித்துக்கொண்டு “யா ஹஸன்! யா ஹுஸேன்!” என்று கதறியதை வெள்ளைச் சிப்பாய்கள் ஹாப்ஸன், ஜாப்ஸன் என்று கேட்டுக்கொண்டார்களாம். ஒருவருடைய துக்கம் இன்னொருவர் காதில் விளையாட்டுப் பெயராக விழுகிறது. அந்த அகராதி முழுவதற்குமே இது பொருத்தமான தலைப்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

பர்னெல் நமக்கு அந்நியர் இல்லை. சென்னை சிவில் சர்வீஸில் இருந்தவர்; தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர்; தஞ்சை அரண்மனையிலிருந்த சம்ஸ்கிருதச் சுவடிகளுக்கு 1880இல் பட்டியல் அச்சிட்டவர். அகராதி வெளிவருவதற்கு முன்பே 1882இல் இறந்துபோனார். தென்னாட்டுச் சொற்களைப் பற்றிய குறிப்புகளில் ஒரு தெளிவு இருக்கிறதென்றால் அதில் அவர் பங்கு நிச்சயம் உண்டு. ஆகவே இந்த அகராதியைக் குறை சொல்லப் புகுமுன், இதை உழைத்துச் செய்தார்கள் என்பதை ஒப்புக்கொண்டுவிட வேண்டும். அரைகுறையாகச் செய்த புத்தகத்தை யாரும் விமரிசனம் செய்ய வேண்டியதில்லை. அது தானாகவே போய்விடும்.

பொல்லம் என்ற சொல்லுக்கு அதில் மிகச் சிறிய இடந்தான். பாலிகர் வைத்திருக்கும் நிலம் அல்லது சீமை, தமிழில் பாளையம். அவ்வளவுதான் விளக்கம். சரி, பாலிகர் யார் என்று பார்க்க முன்பக்கம் போக வேண்டும். அங்கே விஸ்தாரமாக இருக்கிறது. பாலிகர் என்பது சென்னை ராஜதானிக்கே உரிய சொல், சிற்றரசர்கள், காடும் கரம்புமான பிரதேசங்களில் இருந்தவர்கள், முற்காலத்தில் பொதுவாகக் கொள்ளையடிக்கும் சுபாவம் உள்ளவர்கள், இப்போது ஜமீன்தார்களுக்குச் சமானமானவர்கள் — இது அந்த விளக்கத்தின் சாரம். தமிழில் பாளையக்காரன் என்றும், ஆனால் இங்கிலீஷ் வடிவம் தெலுங்கு அல்லது மராத்தி வழியாக வந்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

உருவம் மாறிய விஷயம் எனக்கு சரியாகவே படுகிறது. பாளையக்காரன் என்பதிலிருந்து நேரே பாலிகர் வராது. தெலுங்கில் பாளெகாடு, கன்னடத்தில் பாளெகார என்கிறார்கள். கன்னடத்து வடிவத்தில் வாலை மட்டும் வெட்டிவிட்டால் பாலிகர் ரெடி. பொல்லம் கதை வேறு. தமிழ்ப் பாளையத்தில் நடுவே இருக்கும் யகரத்தை விழுங்கி, ஆகாரத்தை ஒகரமாகக் கேட்டு, ளகரத்துக்கு இரண்டு லகரம் போட்டால் பொல்லம். கும்பினி குமாஸ்தாக்களின் காதுக்கு ஒரு முறை கிடையாது. பாளையங்கோட்டையை அவர்கள் ‘பாலம்கோட்டா’ என்று எழுதினார்கள். அதே பாளையம் அங்கே பாலமாயிற்று, இங்கே பொல்லமாயிற்று. எழுதியவன் எந்த ஊரில் உட்கார்ந்து, யார் வாயிலிருந்து கேட்டு எழுதினான் என்பதைப் பொறுத்தது.

இதிலே ஓர் இடறலும் இருக்கிறது. தமிழிலேயே பொல்லம் என்று ஒரு பழைய சொல் உண்டு. பொருநராற்றுப்படையில் யாழை வர்ணிக்கும் இடத்தில் வருகிறது; தோலை இசைத்துத் தைத்த தையலுக்கு அங்கே அந்தப் பெயர். சொல்லாராய்ச்சியில் உற்சாகம் மிகுந்த ஒருவர் இதைப் பார்த்தால், “ஆஹா, துண்டு துண்டான ஊர்களை இசைத்துத் தைத்ததால் பொல்லம்!” என்று ஒரு பக்கம் எழுதிவிடுவார். அழகான விளக்கந்தான். உண்மை இல்லை. இரண்டும் வேறு வேறு சொற்கள். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டல் தற்செயலாக அவற்றை ஒன்றாக நிறுத்திவிட்டது. ஓசை ஒத்துப்போவதை மட்டும் நம்பி உறவு கொண்டாடுவது கல்யாண வீட்டில் நடக்கலாம்; அகராதியில் நடக்கக்கூடாது.

அது கிடக்கட்டும். என் சண்டை உருவத்தோடு அல்ல, பொருளோடு.

பாலிகர் பற்றிய குறிப்பில் ஒரு கணக்கு வருகிறது. 1799க்கும் 1801க்கும் இடையே பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கியதில் விழுந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் 15 பேர் என்று எண்ணிச் சொல்லியிருக்கிறது. எதிர்ப்பக்கம் விழுந்தவர்களின் எண்ணிக்கை இல்லை. இதற்காக யூலின் மேல் கோபித்துப் பிரயோஜனம் இல்லை. அவர் கையில் இருந்த புத்தகங்கள் அந்த எண்ணிக்கையைத்தான் கொடுத்தன. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதுகிறவன், அந்தச் சொல்லுக்கு உரியவர்களைச் சுட்டவர்களின் காகிதங்களை வைத்துக்கொண்டு எழுதுகிறான். கொள்ளை சுபாவம் என்பது அங்கிருந்து வருகிறது. சொல்லின் பொருளுக்குள் ஒரு தீர்ப்பு நுழைந்துவிடுகிறது. பிறகு வருகிறவன் அகராதியைப் பார்த்து, இது அர்த்தம் என்று நினைத்துக்கொள்கிறான். இது குற்றப்பத்திரிகை என்று அவனுக்குத் தெரிவதில்லை.

இங்கிலீஷ்காரர்களின் வேட்டைப் புத்தகங்களில் ‘பாலிகர் நாய்’ என்று ஒரு பெரிய நாய் வருகிறது. பாளையக்காரர்கள் ஒழிந்த பிறகும் அந்தப் பெயர் நாயின் மேல் கொஞ்ச காலம் இருந்தது. 1799 அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801இல் பாஞ்சாலங்குறிச்சி இரண்டாம் முறையும் விழுந்தது. 1803இல் மிஞ்சிய பாளையங்கள் ஜமீன்களாகிச் சாசனம் பெற்றன. அதோடு பொல்லம் என்ற சொல்லுக்கு இங்கிலீஷில் வேலை முடிந்தது. ஜமீன்களும் 1948ஆம் வருஷத்து ஒழிப்புச் சட்டத்தோடு முடிந்தன.

இவ்வளவுதான் என்றால் இதைப் பற்றி எழுத வேண்டியதில்லை. ஆனால் ஹாப்ஸன்-ஜாப்ஸனுக்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது. ஒவ்வொரு சொல்லின் கீழும், அந்தச் சொல்லை யார் எந்த வருஷம் எப்படி உபயோகித்தார்கள் என்று மேற்கோள்களை வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். விளக்கம் எழுதுகிறவருக்குப் பக்ஷபாதம் இருக்கலாம்; மேற்கோள்கள் அவர் சொன்னபடி கேட்பதில்லை. வக்கீல் தானே கூண்டில் ஏற்றிய சாட்சி, வக்கீலுக்கு எதிராகப் பேசுகிற மாதிரி சில சமயம் நடந்துவிடுகிறது. பொல்லம் விஷயத்தில் அப்படித்தான் நடந்திருக்கிறது. அந்தச் சாட்சி சாதாரண ஆள் இல்லை. எட்மண்ட் பர்க்.

1783 டிசம்பர் 1ஆம் தேதி. லண்டன் பார்லிமெண்டில் ஃபாக்ஸ் கொண்டுவந்த இந்தியா மசோதா விவாதத்தில் இருக்கிறது. கும்பினியின் அதிகாரத்தைப் பிடுங்கிப் பார்லிமெண்டின் கமிஷனர்களிடம் கொடுப்பதற்கான மசோதா. பர்க் பேசுகிறார். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆனால் கும்பினியின் காகிதங்களை வருஷக்கணக்கில் படித்தவர். ஆற்காட்டு நவாப் முகம்மது அலி, கும்பினிப் பட்டாளத்தை வாடகைக்கு வாங்கிக்கொண்டு பாளையக்காரர்களை வேரோடு களைய முற்பட்ட கதையைச் சொல்லிக்கொண்டு வருகிறார். அப்போது ஓர் இடத்தில், அந்தப் பாளையக்காரர்களை ஒழிக்கக் கூடாது என்று சொன்னவர்கள் காட்டிய முக்கியமான காரணம் என்ன தெரியுமா என்று கேட்கிற பாவனையில் ஒரு விஷயத்தைச் சொல்கிறார். அவர்களுடைய கோட்டைகளில் நெசவாளிகளுக்குப் பாதுகாப்பு இருந்தது என்பதுதான் அந்தக் காரணம்.

அதோடு விடவில்லை. இன்னொரு காரணத்தையும் நீங்கள் சொல்லியிருக்கலாமே என்கிறார். கும்பினியே இந்த அரசர்களின் மடியில் சூடு காய்ந்ததுதான். பிறகு அவர்களையே கொட்டிக் கொன்றது. பிரெஞ்சுக்காரர்கள் மதராஸைப் பிடித்தபோது அங்கிருந்த ஜனங்களில் பெரும்பாலோர் இந்தப் பாளையங்களில்தான் ஓடி ஒளிந்து பிழைத்தார்கள். விருந்தோம்பும் பொல்லங்கள் என்று ஒரு நல்ல அடைமொழி கொடுத்துச் சொல்கிறார். பார்லிமெண்டில் அந்த இடத்தில்தான் நம் பாளையம் ஒலித்தது.

அவர் சொல்வது 1746ஆம் வருஷத்துக் கதை. செப்டம்பர் மாதம் லாபூர்தொனே கப்பல் படையோடு வந்து செயின்ட் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்துக்கொண்டான். பிற்பாடு பெரிய ஆளான ராபர்ட் கிளைவ் அப்போது அங்கே ஒரு பொடி குமாஸ்தா. வேஷம் மாற்றிக்கொண்டு கூடலூர்ப் பக்கம் செயின்ட் டேவிட் கோட்டைக்கு ஓடிப்போனான். 1749இல்தான் மதராஸ் திரும்ப இங்கிலீஷ்காரர் கைக்கு வந்தது. நடுவே இருந்த அந்த வருஷங்களில் அகதியாக இருந்தவர்கள் யார், அடைக்கலம் கொடுத்தவர்கள் யார் என்பதை முப்பத்தேழு வருஷம் கழித்து ஒருவர் நினைவுபடுத்துகிறார்.

பர்க்கை அப்படியே நம்பிக் கும்பிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர் ஒரு மசோதாவுக்காகப் பேசினார்; கட்சிக்காரர். பேச்சில் அலங்காரம் அதிகம். மசோதாவும் அந்த டிசம்பரிலேயே பிரபுக்கள் சபையில் தோற்றது, மந்திரிசபையும் போயிற்று. பாளையக்காரர்கள் எல்லோரும் தர்மதுரைகள் என்பதும் இல்லை. காவல் பணம் என்று கிராமங்களிடம் வாங்கினார்கள். கொடுக்காவிட்டால் காவல்காரனே திருடனாவதும் உண்டு. 1959இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தைப் பார்த்துவிட்டு, பாளையக்காரர் என்றாலே மீசையும் வசனமும் என்று நினைப்பதும், ஹாப்ஸன்-ஜாப்ஸனைப் பார்த்துவிட்டுக் கொள்ளைக்காரர் என்று நினைப்பதும் ஏறக்குறைய ஒரே தப்புத்தான். இரண்டிலும் பாளையக்காரர் ஒருவர்தான் தெரிகிறார். பாளையம் தெரிவதில்லை. அதற்குள் இருந்தவர்கள் தெரிவதில்லை.

பர்க்கின் வாக்கியத்தில் எனக்குப் பிடிபட்ட விஷயம் இதுதான்: அதில் நெசவாளி இருக்கிறான். அதுவும் எந்த மாதிரி இருக்கிறான் என்று பார்க்க வேண்டும். கும்பினிக்காரர்கள் கருணையினால் அந்தக் காரணத்தைச் சொல்லவில்லை. துணி அவர்களுடைய வியாபாரம். யுத்தம் வந்தால் தறி நிற்கும்; தறி நின்றால் கப்பலுக்குச் சரக்கு இல்லை. கோட்டைச் சுவருக்குள் தறி ஓடுகிறவரை பாளையக்காரன் இருந்துவிட்டுப் போகட்டும் என்கிற கணக்கு. நெசவாளி பிழைக்க வேண்டும் என்பதில் அவர்களுக்கு அக்கறை இருந்தது உண்மை. பால் கறக்கிற மாட்டின்மேல் இருக்கிற அக்கறை. பர்க் இதைப் புரிந்துகொண்டுதான் குத்துகிறார் என்று நான் படிக்கிறேன். உங்கள் கருணைக்குக்கூட நீங்கள் கண்டுபிடித்த காரணம் துணிதானா, நன்றி என்று ஒன்று நினைவுக்கு வரவில்லையா என்பது அவர் கேள்வி.

நெசவாளிக்கு ஏன் அடைக்கலம் தேவைப்பட்டது என்பதையும் கொஞ்சம் பார்க்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் தென்னாட்டு நெசவாளி நாம் இன்று நினைக்கிற மாதிரி நிர்க்கதியானவன் இல்லை. பிரசன்னன் பார்த்தசாரதி என்ற சரித்திர ஆசிரியர் 2001இல் வெளியிட்ட புத்தகத்தில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். நெசவாளி வியாபாரியிடம் முன்பணம் வாங்குவான். ஒப்பந்தம் பிடிக்காவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளலாம். வியாபாரிக்கு அந்த மாதிரி விலகும் உரிமை கிடையாது. அதற்கும் மேலே, ஊர் பிடிக்காவிட்டால் தறியைக் கழற்றிக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடலாம். போகிற இடத்தில் வரவேற்க ஆள் இருந்தார்கள். குடியானவனைவிட நெசவாளிக்குக் கால் லகுவானது. இப்படி எழுந்து போக ஓர் இடம் இருந்தது என்பதுதான் அவனுடைய பலம். அந்த இடங்களில் பாளையங்களும் இருந்தன.

கும்பினிக்கு இது தெரியும். அதனால்தான் அதுவும் தன் பங்குக்கு நெசவாளிகளுக்கு இடம் கொடுத்துக் குடியேற்றியது. சென்னையில் காலாடிப்பேட்டை என்று சொல்கிறோமே, அது காலெட் துரை நெசவாளிகளுக்காக ஏற்படுத்திய காலெட் பேட்டை. சிந்தாதிரிப்பேட்டை 1734இல் நூற்போருக்கும் நெய்வோருக்கும் சாயமிடுவோருக்குமாக உண்டானது. சின்னத் தறிப் பேட்டை என்பார்கள். கும்பினி கொடுத்ததெல்லாம் பேட்டை. பேட்டை என்றால் சந்தை. நெய்ததை எடுத்துக்கொண்டு போவதற்கு வசதியான இடம். பாளையம் அப்படி இல்லை. கூடாரம் அடித்த இடம். எதிரி வந்தால் உள்ளே போய் நிற்கிற இடம். இரண்டு சொற்களுக்கும் நடுவே இருக்கிற வித்தியாசத்தில் அந்தக் காலத்துச் சரித்திரமே அடங்கியிருக்கிறது என்று சொன்னால் அது மிகை இல்லை.

தமிழில் பாளையத்துக்கு முதல் அர்த்தம் படை இறங்கிய இடம் என்பதுதான். பைபிளைத் தமிழில் படித்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இஸ்ரவேலர் வனாந்தரத்தில் கூடாரம் போட்டுத் தங்கியதையெல்லாம் அதில் பாளயம், பாளயமிறங்குதல் என்றுதான் மொழிபெயர்த்திருக்கிறார்கள். படை இறங்கிய இடம் ஊராயிற்று, ஊர் சீமையாயிற்று. மதுரையில் விசுவநாத நாயக்கரும் அரியநாத முதலியாரும் சீமையை 72 பாளையமாகப் பிரித்துக் கோட்டைக் கொத்தளங்களுக்குக் காவல் வைத்தார்கள் என்று வழிவழியாகச் சொல்வார்கள். பிறகு அந்தச் சொல் கீழே இறங்கி வந்து சின்னச் சின்னக் குடியிருப்புகளுக்கும் பெயராயிற்று. மேட்டுப்பாளையம், கோபிசெட்டிபாளையம், உத்தமபாளையம், குமாரபாளையம் என்று தமிழ்நாடு முழுவதும் கிடக்கிறது. இங்கிலீஷில் மேலே இருந்தவர்களோடு மட்டும் பழகிய சொல், அவர்கள் போனதும் போய்விட்டது. தமிழில் கீழே இறங்கிய சொல் பிழைத்துக்கொண்டது.

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையம் அப்படிப் பிழைத்த ஒன்று. பெரிய காஞ்சிபுரத்தின் மேற்கே, கைலாசநாதர் கோயிலுக்குப் போகிற வழியில் இருக்கிற நெசவாளர் பகுதி. கோட்டை இல்லை, கொத்தளம் இல்லை. பாளையக்காரர் யார் என்று கேட்டால் பிள்ளையாரைத்தான் காட்ட வேண்டும். ஹாப்ஸன்-ஜாப்ஸன் விளக்கத்தை அப்படியே பொருத்திப் பார்த்தால் நல்ல வேடிக்கை: காடு சார்ந்த பிரதேசத்துச் சிற்றரசர், கொள்ளை சுபாவம் உள்ளவர், அதாவது கொழுக்கட்டை விஷயத்தில். கும்பினிக்குப் பேஷ்குஷ் கட்டாமலே கடைசிவரை சமாளித்த ஒரே பாலிகர் அவர்தான் போலிருக்கிறது. அவரை ஜமீன்தாராக்கவும் இல்லை, ஒழிக்கவும் இல்லை.

விளையாட்டு இருக்கட்டும். படை இறங்கும் இடத்தின் பெயர் நெசவாளர் இருக்கும் இடத்துக்கு வந்ததில் எனக்கு ஒரு பொருத்தம் தெரிகிறது. காஞ்சியின் நெசவாளர்களில் பெரிய பகுதியினரான கைக்கோளர், சோழர் கல்வெட்டுகளில் படைவீரர்களாக வருகிறார்கள். தெரிஞ்ச கைக்கோளர் படை என்று அந்தப் படைகளுக்குப் பெயர். செங்குந்தர் என்ற பெயரிலும் ஈட்டி இருக்கிறது. விஜயநகர காலத்தில் வேறு ஊர்க் கைக்கோளருக்குச் சங்கு, தண்டிகை உரிமை கொடுக்கும்போது, காஞ்சிபுரத்துக் கைக்கோளருக்கு இருப்பதுபோல என்று இந்த ஊரைத்தான் முன்மாதிரியாகக் காட்டினார்கள். அவர்களுடைய நாட்டமைப்பிலும் 72 நாடு, அதற்குக் காஞ்சி தலைமை என்பது மரபு. ஆகவே அடைக்கலம் தேடி யாருடைய கோட்டை வாசலிலாவது நின்றவன் என்று மட்டும் நெசவாளியைப் படம் பிடித்தால் அதுவும் முழுப் படம் ஆகாது. அவனுக்கென்று ஒரு சபை இருந்தது, கொடி இருந்தது, கௌரவம் இருந்தது.

உடையார்பாளையத்து ஜமீன்தார்கள் தங்கள் பெயருக்கு முன்னால் ‘கச்சி’ என்று போட்டுக்கொண்டார்கள். தாங்கள் காஞ்சியிலிருந்து போனவர்கள் என்பது அவர்கள் கொண்டாடிய மரபு. கனம் கிருஷ்ணையர் இருந்த சமஸ்தானம் அதுதான் என்பது சங்கீத ரசிகர்களுக்குத் தெரியும். அந்த உடையார்பாளையத்தைச் சுற்றிய பக்கமும் தறி ஓடுகிற பக்கம். காஞ்சிப் பெயரைச் சுமந்த பாளையக்காரரும், பாளையப் பெயரைச் சுமந்த காஞ்சித் தெருவும் ஒன்றையொன்று அறியாமல் இரண்டு மூலைகளில் இருந்திருக்கின்றன. பாளையம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு போனால் இப்படி ஒரு நாட்டுப்படமே கிடைக்கிறது. பொல்லம் என்ற இங்கிலீஷ் சொல்லைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு வரி விளக்கமும் மேற்கோளுந்தான் கிடைக்கின்றன. அந்த மேற்கோள் இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

இங்கே நம்முடைய அகராதிக்காரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்ஸிகன் 1924 முதல் 1936 வரை வெளிவந்த மகத்தான காரியம். எஸ். வையாபுரிப் பிள்ளையின் உழைப்பை யாரும் குறைத்துப் பேச முடியாது. பாளையத்துக்கு அதில் படை, கூடாரமிட்ட இடம், பாளையக்காரரின் சீமை என்று எல்லா அர்த்தமும் இருக்கிறது. வழக்குச் சொற்களையும் அது ஒதுக்கவில்லை. ஆனால் அதன் சாட்சிகள் பெரும்பாலும் புலவர்கள். சூத்திரமும் செய்யுளும் நிகண்டும் பேசுகிற அளவுக்கு, முச்சலிக்காவும் கடிதமும் கடைக் கணக்கும் பேசுவதில்லை. ஹாப்ஸன்-ஜாப்ஸன் மாலுமியையும் பாதிரியையும் கணக்கனையும் பார்லிமெண்ட் மெம்பரையும் ஒரே வரிசையில் நிறுத்திச் சாட்சி கேட்டது. அதனால்தான் ஓர் அயர்லாந்துக்காரர் தென்னாட்டு நெசவாளிக்காகச் சொன்ன ஒரு வாக்கியம் அதில் தங்கிவிட்டது. யூலுக்கு நெசவாளிமேல் விசேஷப் பிரியம் எதுவும் இருந்திருக்க வேண்டியதில்லை. முறை சரியாக இருந்தது. முறை நல்லதைச் செய்தது.

சொல்லப்போனால், விளக்கத்தைவிட மேற்கோளை நம்பு என்பதுதான் இந்த ஒரு சொல்லிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம். கதை எழுதுகிறவனுக்கு இது புதிதில்லை. ஒரு பாத்திரத்தைப் பற்றி ஆசிரியன் பத்து வரி அபிப்பிராயம் சொல்லலாம். அந்தப் பாத்திரம் வாயைத் திறந்து ஒரு வாக்கியம் பேசிவிட்டால் அந்தப் பத்து வரியும் நிற்காது. அகராதியிலும் அதே நியாயந்தான்.

இதை இன்று சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. பாளையம் என்ற சொல்லுக்கு ஆபத்து இல்லை. தபால் விலாசத்தில் இருக்கிறவரை அது இருக்கும். ஆபத்து அதற்குள்ளே பேசப்படுகிற சொற்களுக்குத்தான். தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடுவது, உடலும் கரையும் வேறு வேறு நிறமாக ஓட இரண்டு பேர் உட்கார்ந்து நெய்கிற கோர்வை, முந்தானைப் பாவை உடல் பாவோடு இழை இழையாகச் சேர்க்கிற பேட்னி, குழித்தறி, விழுது, அச்சு — இவையெல்லாம் கை செய்கிற காரியங்களின் பெயர்கள். காஞ்சிபுரம் பட்டு என்ற பெயருக்கு 2005ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயரை யாரும் திருடக்கூடாது என்று சட்டப் பாதுகாப்பு. நல்ல காரியம். ஆனால் சட்டம் சேலையின் பெயரைத்தான் காப்பாற்றும். பேட்னி என்ற சொல்லைக் காப்பாற்றாது. விசைத்தறியில் நெய்த சேலைக்குப் பேட்னி வேண்டாம். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகிற வீட்டில் குழித்தறியின் குழியை மூடித் தளம் போட்டுவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. எழுந்து போகிற உரிமைதான் நெசவாளியின் பழைய உரிமை. தாத்தா தறியைக் கட்டிக்கொண்டு போனார், பேரன் தறியை விட்டுவிட்டுப் போகிறான்.

சொற்கள் மட்டும் கூடப் போகாது. பொல்லம் எப்படிச் செத்தது என்று பார்த்தோம்: அது குறித்த ஏற்பாடு அழிந்தது, கூடவே சொல்லும் போயிற்று, யாரோ ஒருவர் மேற்கோளை எழுதி வைத்திருந்ததால் இருநூறு வருஷத்துக்கப்புறம் நாம் அதைத் தூசி தட்டிப் படிக்க முடிகிறது. கோர்வைக்கும் பேட்னிக்கும் அந்த மாதிரி சாட்சி எழுதி வைக்க இன்னும் நேரம் இருக்கிறது. தமிழில் தொழிற்சொல் அகராதி தொகுக்கிறவர்கள் அடுத்த முறை நூலகத்துக்குப் போகுமுன் கைலாசநாதர் கோயில் வழியாக ஒரு நடை போய்வரலாம். என்ன அர்த்தம் என்று கேட்க வேண்டாம். எப்படிச் சொல்கிறார்கள், எந்த வேலையின் நடுவில் சொல்கிறார்கள், யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று அந்த வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொண்டு வந்தால் போதும். அர்த்தத்தைப் பிற்பாடு வருகிறவன் பார்த்துக்கொள்வான்.